மூச்சு முட்டும் கட்டி: சிறுநீர்ப்பைப் புற்றுநோயில் ஆக்சிஜன் பஞ்சமும் ரத்தக்குழாய்களும்

சிறுநீர்ப்பைக் கட்டியிலிருந்து எடுத்த துணுக்கை மெல்லிய சீவலாக்கி, சிஏ-9 என்ற புரதம் இருக்கும் இடத்தில் மட்டும் பழுப்பு நிறம் பிடிக்கும்படி சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்துப் பாருங்கள். கட்டி விரல் விரலாக வளர்ந்திருக்கும். ஒவ்வொரு விரலின் நடுவிலும் நூல் போல ஒரு ரத்தக்குழாய் ஓடும். அதைச் சுற்றி அடுக்கடுக்காகப் புற்றுநோய்ச் செல்கள். குழாயை ஒட்டிய அடுக்குகளில் சாயம் பெரும்பாலும் ஏறியிருக்காது. வெளியே, சிறுநீர் வந்து மோதும் விளிம்பில் பழுப்பு நிறம் கோடு இழுத்தாற்போல் பிடித்திருக்கும்.

சிஏ-9, ஆக்சிஜன் குறைந்தால் செல் தயாரித்துக்கொள்ளும் புரதம். ஆக, அந்தப் பழுப்புக் கோடு இருக்கும் இடத்தில் செல்களுக்கு மூச்சு முட்டுகிறது. வாய்க்காலை ஒட்டிய வயல் பச்சையாக இருக்க, கடைமடைக்குத் தண்ணீர் எட்டாமல் போகும் கதைதான். கட்டி தனக்கென்று குழாய் வெட்டிக்கொண்டிருக்கிறது. ஆனாலும் அதன் பாதி மக்களுக்குக் காற்று போதவில்லை.

இதைப் பார்க்கிற எவருக்கும் முதலில் தோன்றுவது, அந்தக் குழாயை அடைத்துவிட்டால் கட்டி பட்டினியில் செத்துவிடாதா என்பதுதான். புற்றுநோய் ஆராய்ச்சியாளர்களுக்கும் அப்படித்தான் தோன்றியது. அதை நம்பிப் பல மருந்துகள் வந்தன. சில உறுப்புகளில் நன்றாகவே வேலை செய்தன. சிறுநீர்ப்பையில் பலிக்கவில்லை. அதே சமயம், குழாயைத் தொடாமல் ஆக்சிஜன் பஞ்சத்தை நேராக அணுகிய ஒரு எளிய முறைக்கு ஓரளவு பலன் கிடைத்தது. இந்த இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தால்தான் பழுப்புக் கோட்டின் அர்த்தம் முழுதாகப் புரியும்.

ஒரு மயிரிழை தூரம்

ரத்தத்திலிருந்து வெளியேறும் ஆக்சிஜன் திசுவுக்குள் வெகுதூரம் போவதில்லை. வழியிலுள்ள செல்கள் ஒவ்வொன்றும் தன் பங்கை எடுத்துக்கொள்ள, 100 முதல் 200 மைக்ரோமீட்டர் போவதற்குள் தீர்ந்துவிடுகிறது. ஒரு தடித்த தலைமுடியின் குறுக்களவு, மிஞ்சினால் இரண்டு முடிகளின் குறுக்களவு. உடம்பில் நுண்குழாய்கள் அவ்வளவு நெருக்கமாகப் பின்னிக் கிடப்பதற்குக் காரணம் இந்தக் கணக்குதான்.

1955-இல் தாம்லின்சன், கிரே என்ற இரு பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் நுரையீரல் கட்டிகளின் சீவல்களை ஸ்கேல் வைத்து அளந்தாற்போல் அளந்தார்கள். ரத்தக்குழாய்களிலிருந்து ஏறக்குறைய ஒரே தூரம் வரைதான் உயிருள்ள செல்கள் இருந்தன. அதைத் தாண்டினால் செத்த திசு. உயிருக்கும் சாவுக்கும் நடுவில் ஒரு மெல்லிய வளையம். அங்குள்ள செல்கள் சாகவில்லை, சரியாக வாழவும் இல்லை. அந்த அரைகுறை உயிர்கள்தான் கதிர்வீச்சுக்குத் தப்பித்துக் கட்டியைத் திரும்ப முளைக்கவைக்கின்றன என்று அவர்கள் அப்போதே சந்தேகித்தார்கள். சந்தேகம் சரிதான். அதற்குப் பிறகு வருகிறேன்.

1971-இல் ஜூடா ஃபோக்மன் என்ற அமெரிக்க அறுவை சிகிச்சை நிபுணர் அடுத்த படியைச் சொன்னார். புதுக் குழாய் வராவிட்டால் எந்தக் கட்டியும் ஓரிரு மில்லிமீட்டருக்கு மேல் வளர முடியாது. ஆகவே கட்டி ஏதோ ஒரு பொருளைச் சுரந்து பக்கத்திலுள்ள குழாய்களைத் தன் பக்கம் கிளைவிட அழைக்கிறது. அந்தப் பொருளைத் தடுத்தால் கட்டியை முடக்கலாம். அந்த நாளில் பலர் இதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அப்படி ஒரு பொருள் இருக்கிறது என்பது உறுதிப்படப் பதினெட்டு ஆண்டுகள் ஆயின. 1983-இல் ஹரால்ட் டுவோராக்கின் குழு, குழாய்களை ஒழுகவைக்கும் ஒரு புரதத்தைக் கட்டி நீரில் கண்டது. 1989-இல் நெப்போலியோன் ஃபெராராவின் குழு, குழாய்ச் செல்களைப் பெருகவைக்கும் ஒரு புரதத்தைப் பிரித்தெடுத்து விஇஜிஎஃப் என்று பெயரிட்டது. பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். ஒழுகவைப்பதும் வளரவைப்பதும் ஒரே புரதத்தின் வேலை. இந்த இரட்டை வேலையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சிறுநீர்ப்பை நோயாளி டாக்டரிடம் ஓடிவரும் முதல் காரணத்துக்கும் இதற்கும் தொடர்பு உண்டு.

தயாரித்துத் தயாரித்து அழிக்கும் புரதம்

ஆக்சிஜன் குறைந்துவிட்டது என்று செல்லுக்கு எப்படித் தெரிகிறது? இதற்கான விடைக்குத்தான் 2019-ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு வில்லியம் கேலின், பீட்டர் ராட்க்ளிஃப், கிரெக் செமன்சா மூவருக்கும் கிடைத்தது.

செமன்சா 1990-களின் தொடக்கத்தில் கண்டுபிடித்த புரதத்தின் பெயர் ஹிஃப்-1. இரண்டு துண்டுகள் சேர்ந்தது. பீட்டா துண்டு எப்போதும் செல்லில் இருக்கும். ஆல்ஃபா துண்டின் கதைதான் வினோதம். செல் அதை ஓயாமல் தயாரிக்கிறது, தயாரித்த சில நிமிடங்களிலேயே அழித்தும் விடுகிறது. ஆக்சிஜன் நிறைந்த செல்லில் அதன் அரை ஆயுள் சுமார் ஐந்து நிமிடம். சுத்த வீண்செலவு போலத் தோன்றும். ஆனால் ஆபத்து வரும்போது முதலிலிருந்து தயாரிக்க நேரமிருக்காது. அழிப்பதை நிறுத்தினால் போதும், சில நிமிடங்களில் செல் முழுவதும் ஹிஃப் நிரம்பிவிடும்.

அழிக்கும் முறை இன்னும் நேர்த்தி. பிஎச்டி என்ற நொதி ஆல்ஃபா துண்டின் இரண்டு குறிப்பிட்ட இடங்களில், அதாவது 402-ஆம், 564-ஆம் எண் புரோலின் என்ற அமினோ அமிலங்களில், ஓர் ஆக்சிஜன் அணுவை ஒட்டுகிறது. அந்த அணு எங்கிருந்து வருகிறது? நாம் மூச்சில் இழுத்த அதே ஆக்சிஜனிலிருந்து. இந்தக் குறி விழுந்ததும் விஎச்எல் என்ற இன்னொரு புரதம் வந்து பிடித்துக்கொள்ளும்; செல்லின் குப்பை அரைக்கும் இயந்திரத்துக்கு ஆல்ஃபா போய்ச் சேரும். ஆக்சிஜன் இல்லையென்றால் ஒட்டுவதற்கு அணு இல்லை. குறி விழாது, விஎச்எல் பிடிக்காது, ஆல்ஃபா பிழைத்துக்கொண்டு செல்லின் உட்கருவுக்குள் போய், பீட்டாவோடு சேர்ந்து மரபணுக்களை இயக்க ஆரம்பிக்கும். தனியாக ஓர் உணர்கருவி வைத்து அளந்து அறிவிக்கும் ஏற்பாடெல்லாம் இங்கே இல்லை. அளக்கவேண்டிய பொருளே வேலைக்கான கச்சாப் பொருளாகவும் இருக்கிறது.

ஹிஃப் இயக்கும் மரபணுக்கள் நூற்றுக்கணக்கில் உண்டு. விஇஜிஎஃப் அவற்றில் ஒன்று: வெளியே போய்க் குழாய்களை அழைத்துவருவது அதன் வேலை. ஆனால் குழாய் வரும்வரை செல் உயிரோடு இருக்கவேண்டுமே. அதற்காக குளூட்-1 என்ற சர்க்கரை வாசல்கள் செல்லின் சுவரில் கூடுதலாகத் திறக்கின்றன. ஆக்சிஜன் இல்லாமல் சர்க்கரையை எரிக்கும் நொதிகள் பெருகுகின்றன. அப்படி எரித்தால் லாக்டிக் அமிலம் சேரும். செல் தன் அமிலத்திலேயே வெந்துபோகாமலிருக்க, நாம் முதலில் பார்த்த சிஏ-9 செல்லின் வெளிச்சுவரில் வந்து உட்கார்ந்து, கரியமில வாயுவையும் நீரையும் சேர்த்து பைகார்பனேட்டாகவும் அமில அயனியாகவும் பிரிக்கிறது. பைகார்பனேட் உள்ளே போய் அமிலத்தைச் சமன்செய்ய, அமிலம் வெளியே தங்குகிறது. செல்லின் உட்புறம் பத்திரம். அக்கம்பக்கம் புளித்துப் போகிறது. அந்தப் புளிப்பு, பக்கத்துத் திசுவை அரிக்கவும் நோய் எதிர்ப்புச் செல்களை மந்தமாக்கவும் கட்டிக்கு உதவுகிறது.

ஆகக் குழாய் வளர்ப்பது மூச்சு முட்டும் செல்லின் பல பதில்களில் ஒன்று மட்டும். இதை மறந்துவிட்டு விஇஜிஎஃப் ஒன்றையே பிடித்துக்கொண்டதில்தான் பின்னால் வந்த ஏமாற்றத்தின் விதை இருக்கிறது என்பது என் எண்ணம்.

வளரும் திசையைப் பொறுத்த வியாதி

சிறுநீர்ப்பையின் உட்பக்கத்தில் ஆறேழு செல் கனத்துக்கு ஒரு விரிப்பு உண்டு. அதற்குள் ரத்தக்குழாய் கிடையாது. அடியிலுள்ள மெல்லிய இணைப்புத் திசுவில், விரிப்பை அணைத்தாற்போல் நுண்குழாய் வலை படர்ந்திருக்கும். அதற்கும் கீழே தசை. உலகம் முழுக்க 2022-இல் சுமார் 6,14,000 பேருக்கு இந்த நோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. நான்கில் மூன்று பேருக்குக் கட்டி தசையைத் தொடாத நிலையில்தான் தெரியவருகிறது. அவற்றில் பெரும்பாலானவை பைக்குள் கடற்பாசி போல் மிதந்துகொண்டிருக்கும் விரல்கட்டிகள். வெட்டி எடுத்தாலும் திரும்பத் திரும்ப முளைத்து உயிரை வாங்கும். ஆனால் உயிரை எடுப்பது அபூர்வம். மீதமுள்ளவை சுவருக்குள் இறங்கித் தசையில் ஊடுருவுபவை. ஆளைக் கொல்வது பெரும்பாலும் இந்த வகை.

விரல்கட்டி வளரும் திசையைப் பாருங்கள். தனக்குச் சோறு போடும் நுண்குழாய் வலையை விட்டு விலகி, வெறும் சிறுநீர் நிறைந்த வெளியை நோக்கி அது நீளுகிறது. ஒவ்வொரு விரலும் நீள நீள, அடியிலிருந்து குழாயை இழுத்துக்கொண்டே போகவேண்டும். இழுக்கத் தவறினால் நுனி செத்துவிடும். அந்தக் குழாய்களோ அவசரத்தில் கட்டியவை: சுவர் மெல்லியது, தாங்கிப் பிடிக்கும் செல்கள் குறைவு, விஇஜிஎஃப்பின் ஒழுகவைக்கும் குணம் வேறு. பை சுருங்கி விரியும்போது விரல் முறிந்தால் ரத்தம் கசிகிறது. வலியே இல்லாமல் சிறுநீர் சிவப்பாகப் போவது இந்த நோயின் முதல் அடையாளமாக இருப்பதற்குப் பின்னால் இந்த அவசரக் கட்டுமானத்துக்கும் பங்கு உண்டு. கசிவு மாதக்கணக்கில் நீடித்தால் ரத்தசோகை. ரத்தசோகை வந்தால் ரத்தம் சுமக்கும் ஆக்சிஜனே குறைவு. கட்டியின் பஞ்சம் இன்னும் ஒரு சுற்று இறுகும்.

இந்தக் குழாய்களை நேரில் பார்க்கவும் வழி இருக்கிறது. பைக்குள் கேமரா குழாய் விட்டுப் பார்க்கும் சிஸ்டோஸ்கோப்பியில் வெள்ளை வெளிச்சத்துக்குப் பதிலாக 415, 540 நானோமீட்டர் என்ற இரண்டு குறுகிய அலைவரிசைகளை மட்டும் அனுப்பினால், ஹீமோகுளோபின் அவற்றை உறிஞ்சிக்கொள்ளும். சுற்றியுள்ள திசு வெளிறிப்போக, குழாய்கள் மட்டும் கறுப்பும் பச்சையுமாக எழுந்து நிற்கும். சாதாரண வெளிச்சத்தில் கண்ணுக்குத் தப்பும் சிறு கட்டிகள் அவற்றின் குழாய்க் கொத்தாலேயே காட்டிக்கொடுக்கப்படுகின்றன. குழாய் வளர்ச்சி பற்றிய அறிவு சிறுநீர்ப்பை நோயாளிக்கு நேரடியாகப் பயன்பட்ட இடம் என்று கேட்டால் முதலில் இதைத்தான் சொல்வேன்.

இனி முரண்பாட்டுக்கு வருவோம். விஇஜிஎஃப் அதிகம் என்றால் கட்டி மோசமானது என்றுதான் எவரும் எதிர்பார்ப்போம். 1990-களின் நடுவில் ஆக்ஸ்ஃபோர்டு குழு ஒன்று தசையைத் தொடாத மேலோட்டக் கட்டிகளையும் தசையில் ஊடுருவிய கட்டிகளையும் ஒப்பிட்டது. விஇஜிஎஃப் தயாரிக்கச் சொல்லும் மரபணுக் கட்டளை அதிகமாக இருந்தது மேலோட்டக் கட்டிகளில். ஊடுருவியவற்றில் ஓங்கி நின்றது தைமிடின் பாஸ்ஃபோரிலேஸ் என்ற வேறொரு குழாய் தூண்டி, அதுவும் பல மடங்கு. 2002-இல் அதே வட்டாரத்திலிருந்து வந்த ஆய்வு சிஏ-9 கதையும் அப்படித்தான் என்றது. மேலோட்டக் கட்டியில் கூடுதல், ஊடுருவியதில் குறைவு. பழுப்புக் கோடு இருந்தது சிறுநீர் பக்கத்து விளிம்பிலும், செத்த திசுவைச் சுற்றியும்.

எனக்கு இதில் புதிர் அதிகம் தெரியவில்லை. வெளியை நோக்கி வளரும் கட்டி தன் குழாயைத் தானே கட்டவேண்டும். சுவருக்குள் இறங்கும் கட்டிக்கு ஏற்கெனவே குழாய் ஓடும் திசு கிடைக்கிறது, இருப்பதைப் பிடித்துக்கொள்ளலாம். இரண்டின் மரபணுக் கோளாறுகளும் வேறு. மேலோட்ட விரல்கட்டிகளில் பெரும்பாலும் எஃப்ஜிஎஃப்ஆர்-3 என்ற மரபணுவில் பிறழ்வு இருக்கும். ஊடுருவியவற்றில் பி-53, ஆர்பி போன்ற காவல் மரபணுக்கள் கெட்டிருக்கும். ஒரே பையில், ஒரே விரிப்பில் பிறந்தாலும் இவை ஒரு வயிற்றுப் பிள்ளைகள் போல நடந்துகொள்வதில்லை.

அதற்காக அளவுகளுக்கு மதிப்பே இல்லை என்று ஆகிவிடாது. ஒரே வகைக்குள் ஒப்பிட்டால் பயன் தெரிகிறது. மேலோட்டக் கட்டிகளுக்குள்ளேயே விஇஜிஎஃப் மிகுந்தவை சீக்கிரம் திரும்பி வந்தன. ஊடுருவிய கட்டிகளில் நுண்குழாய் நெருக்கம் மிகுந்தவர்கள் குறைந்த காலமே உயிர்வாழ்ந்தார்கள் என்று 1990-களில் பல ஆய்வுகள் சொல்லின. 2004-இல் கிரேக்கக் குழு ஒன்று ஹிஃப்-1 ஆல்ஃபா, விஇஜிஎஃப், குழாய் நெருக்கம் மூன்றும் கைகோத்து உயர்வதைக் காட்டியது. ஆப்பிளையும் ஆரஞ்சையும் ஒரே தட்டில் நிறுத்தபோதுதான் கணக்கு குழம்பியது.

அளக்கும்போது வரும் வம்பு

இந்த ஆய்வுகள் ஒன்றோடொன்று அடிக்கடி முட்டிக்கொள்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அது ஆய்வகத்துக்கு முன்னாலேயே, ஆபரேஷன் தியேட்டரில் தொடங்குகிறது.

கட்டியை எடுப்பது மின்சாரம் பாயும் ஒரு கம்பி வளையத்தால். வளையம் அடியை அறுத்ததும் ரத்த ஓட்டம் நின்றுபோகும். துணுக்கு பைக்குள் நீரில் மிதந்துகொண்டிருக்கும். பிறகு உறிஞ்சி எடுத்து, சல்லடையில் வடித்து, ஃபார்மலின் புட்டியில் போடுவார்கள். இதற்குள் எத்தனை நிமிடம்? ஹிஃப்-1 ஆல்ஃபாவின் அரை ஆயுள் ஐந்து நிமிடம் என்று பார்த்தோம். நோயாளியின் உடம்பில் இல்லாத பஞ்சம் புட்டிக்குப் போகும் வழியில் உண்டாகியிருக்கலாம். கம்பியின் சூட்டில் ஓரம் வெந்துபோயிருந்தால் சாயமே ஏறாது. போதாக்குறைக்கு, ஆக்சிஜன் தாராளமாக இருக்கும்போதே சில புற்றுநோய்ச் செல்கள் வேறு வழியாக ஹிஃப்பை உசுப்பிவிடும்.

சிஏ-9 இந்த விஷயத்தில் நிதானமானது. ஒருமுறை உற்பத்தியானால் எளிதில் அழியாது. தியேட்டர் தாமதத்தால் கூடக் குறைய நேரமில்லை. ஆனால் அதே குணம் அதன் குறையும்கூட: அந்த இடத்துக்கு ஆக்சிஜன் திரும்பி வந்த பிறகும் பழைய பஞ்சத்தின் தடயத்தைக் காட்டிக்கொண்டிருக்கும். விஇஜிஎஃப் செல்லை விட்டு வெளியேறிப் பரவுகிற புரதம். எந்தச் செல்லில் எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பதே கஷ்டம். குளூட்-1-இல் ஒரு வசதி உண்டு. சிவப்பணுக்களில் அது இயல்பாகவே நிறைய இருப்பதால், சாயம் சரியாக ஏறியிருக்கிறதா என்று ஸ்லைடில் சிதறிக்கிடக்கும் சிவப்பணுக்களைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

குழாய் எண்ணும் கதை இதைவிட மோசம். குழாய்ச் சுவருக்கு நிறமேற்றி, அதிக நெருக்கமுள்ள இடமாகத் தேர்ந்தெடுத்து எண்ணுவது வழக்கம். எது அதிக நெருக்கமுள்ள இடம் என்பது பார்ப்பவர் கண்ணைப் பொறுத்தது. அதோடு, எண்ணிக்கை குழாய் இருப்பதைச் சொல்லுமே தவிர அதில் ரத்தம் ஓடுகிறதா என்று சொல்லாது. கட்டியின் குழாய்கள் கோணல்மாணலானவை. சில முட்டுச்சந்தில் முடியும். சில, வெளியிலிருந்து அழுத்தும் திரவத்தால் நசுங்கிக் கிடக்கும். சில, சற்று நேரம் அடைத்துக்கொண்டு மறுபடி திறக்கும். ஆகவே குழாய் நெருக்கமும் ஆக்சிஜன் பஞ்சமும் ஒரே கட்டியில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கலாம். வீதிக்கு வீதி குழாய் போட்டிருப்பார்கள், திறந்தால் காற்றுதான் வரும்.

அடுத்த உறுப்பில் பலித்தது இங்கே பலிக்காத கதை

சிறுநீர்ப்பையையும் சிறுநீரகத்தையும் பார்ப்பது ஒரே யூரோலஜிஸ்ட். ஆனால் குழாய் தடுப்பு மருந்துகள் விஷயத்தில் இரண்டும் இரு துருவம்.

சிறுநீரகப் புற்றுநோயில் அதிகம் காணப்படும் தெளிசெல் வகையில், பெரும்பாலான கட்டிகளில் விஎச்எல் மரபணுவே கெட்டிருக்கும். பிடித்து அழிக்கும் ஆள் இல்லாததால் ஆக்சிஜன் இருந்தாலும் ஹிஃப் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும், விஇஜிஎஃப் கொட்டிக்கொண்டிருக்கும். கட்டியின் பிழைப்பே இந்த ஒற்றைக் கோளாறில் நிற்கிறது. அதனால் விஇஜிஎஃப் பாதையை அடைக்கும் மாத்திரைகள் அங்கே சிகிச்சையையே மாற்றின. ஹிஃப்-1-இன் உறவுப் புரதமான ஹிஃப்-2-இன் ஆல்ஃபா துண்டை நேரடியாகத் தடுக்கும் பெல்சூட்டிஃபான் என்ற மருந்துக்கும் அமெரிக்காவில் 2021-இல் விஎச்எல் பரம்பரை நோய்க்கும், 2023-இல் முற்றிய சிறுநீரகப் புற்றுநோய்க்கும் அனுமதி கிடைத்தது.

சிறுநீர்ப்பைக் கட்டியில் விஎச்எல் பொதுவாக நன்றாகவே இருக்கிறது. ஹிஃப் அங்கே உண்மையான பஞ்சத்துக்குத்தான் எழுகிறது, பஞ்சம் தீர்ந்தால் அடங்குகிறது. ஆக, ஹிஃப் அங்கே நோயின் வேர் இல்லை. நோய் தன் சூழ்நிலைக்குக் கொடுக்கும் பதில். ஒரு பதிலை அடைத்தால் செல் அடுத்த பதிலுக்குப் போகும்.

பரிசோதனைகள் இதையே திரும்பத் திரும்பச் சொன்னன. முற்றிய சிறுநீர்ப்பைப் புற்றுநோயில் ஜெம்சிட்டபின், சிஸ்பிளாட்டின் கீமோதெரபியோடு பெவாசிசுமாப் என்ற விஇஜிஎஃப் எதிர்மருந்தைச் சேர்த்து 506 பேரிடம் நடந்த அமெரிக்க ஆய்வின் முடிவு 2021-இல் வெளியானது. மருந்து சேர்த்தவர்களின் இடைநிலை ஆயுள் (பாதிப்பேர் தாண்டிய காலம்) 14.5 மாதம், சேர்க்காதவர்களுக்கு 14.3 மாதம். விஇஜிஎஃப் வந்து ஒட்டும் வாங்கிப் புரதத்தை அடைக்கும் ராமுசிருமாப் சற்று நம்பிக்கை தந்தது. டோசிடாக்செல் என்ற கீமோ மருந்தோடு சேர்த்து 530 பேரிடம் சோதித்துப் பார்த்ததில், நோய் முற்றாமல் இருந்த காலம் 2.8 மாதத்திலிருந்து 4.1 மாதமாக நீண்டது. ஆனால் ஆயுளில் தெளிவான வித்தியாசம் கிடைக்கவில்லை. இம்யூனோதெரபி மருந்தான பெம்ப்ரோலிசுமாபோடு விஇஜிஎஃப் உள்பட பல பாதைகளை அடைக்கும் லென்வாட்டினிப் என்ற தடுப்பானைச் சேர்த்த பரிசோதனையும் பலன் இல்லை என்று பாதியில் நிறுத்தப்பட்டது. அதே ஜோடி சிறுநீரகத்தில் அனுமதி பெற்று ஓடிக்கொண்டிருக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

குழாயை அடைப்பதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. அடைத்தால் பஞ்சம் கூடும். பஞ்சம் கூடினால் ஹிஃப் கூடும். ஹிஃப் கூடினால் குழாய் தூண்டிகள் மட்டுமா கூடும்? செல்கள் ஒன்றையொன்று பிடித்திருக்கும் பிடியைத் தளர்த்தி நகர்ந்து போகவைக்கும் மரபணுக்களும், எதிர்ப்புச் செல்களைத் தடுக்கும் பிடி-எல்1 போன்ற புரதங்களும் ஹிஃப்பின் கட்டளையில் இருப்பவைதாம். பசியில் இருப்பவன் வீட்டோடு செத்துவிடுவான் என்று எண்ணிக் கதவைச் சாத்தினால், அவன் ஓட்டைப் பிரித்துக்கொண்டு வெளியேறிவிடுகிறான். ராகேஷ் ஜெயின் என்ற ஆய்வாளர் 2001-இல் முன்வைத்த மாற்று யோசனை, குழாய்களை அழிக்காமல் அளவான மருந்தால் ஒழுங்குபடுத்தினால் ரத்த ஓட்டம் சீராகி, கீமோவும் ஆக்சிஜனும் உள்ளே போகும் என்பது. யோசனை நல்ல யோசனை. எந்த அளவு, எத்தனை நாள் என்பது கட்டிக்குக் கட்டி மாறுவதுதான் இடிக்கிறது.

காற்றைக் கொடுத்துப் பார்த்தவர்கள்

கதிர்வீச்சு ஒரு செல்லைக் கொல்வது அதன் டிஎன்ஏவை உடைத்து. உடைந்த இடத்தில் ஆக்சிஜன் வந்து ஒட்டிக்கொண்டால் உடைவு நிலைத்துவிடும். ஆக்சிஜன் இல்லையென்றால் செல் அதைச் சரிசெய்துகொள்ள வாய்ப்பு கிடைக்கும். ஆக்சிஜன் அற்ற செல்லைக் கொல்ல இரண்டரை முதல் மூன்று மடங்கு கதிர்வீச்சு வேண்டும் என்பது பழைய, பலமுறை உறுதியான கணக்கு. தாம்லின்சனும் கிரேயும் கண்ட அந்த அரைகுறை வளையத்தின் பலம் இதுதான்.

பையை எடுக்காமல் கதிர்வீச்சால் குணப்படுத்த முயலும் நோயாளிகளுக்கு இது வெறும் பாடப்புத்தக விஷயம் இல்லை. பிரிட்டனில் பீகான் என்ற பரிசோதனையில் 333 பேர் சேர்ந்தார்கள். ஒரு பாதிக்கு வழக்கமான கதிர்வீச்சு. மறுபாதிக்குக் கதிர்வீச்சின்போது முகமூடி வழியாக 98 சதவீத ஆக்சிஜனும் 2 சதவீதக் கரியமில வாயுவும் கலந்த காற்று; அதற்கு முன் நிக்கோட்டினமைடு மாத்திரை. கரியமில வாயு எதற்கு? சுத்த ஆக்சிஜனை இழுத்தால் ரத்தக்குழாய்கள் சுருங்கும், அதை ஈடுகட்ட. நிக்கோட்டினமைடு பி-3 வைட்டமினின் ஒரு வடிவம். சற்று நேரம் அடைத்துக்கொள்ளும் குழாய்களைத் திறந்து வைக்க உதவும். தூரத்தால் வரும் பஞ்சத்துக்கு ஒன்று, ஓட்டம் நிற்பதால் வரும் பஞ்சத்துக்கு மற்றொன்று. புது மூலக்கூறு எதுவும் இல்லை, காப்புரிமை எதுவும் இல்லை.

2010-இல் முடிவு வந்தது. மூன்று ஆண்டுகளில் உயிரோடு இருந்தவர்கள் காற்று கொடுத்த பிரிவில் 59 சதவீதம், கொடுக்காத பிரிவில் 46 சதவீதம். ஆனால் 2012-இல் கதிர்வீச்சோடு லேசான கீமோ சேர்த்தால் கட்டி பைக்குள் திரும்புவது குறைகிறது என்ற இன்னொரு பிரிட்டிஷ் பரிசோதனை வந்து, பெரும்பாலான மையங்கள் அந்தப் பக்கம் போய்விட்டன. வாயு சிலிண்டர், முகமூடி, குமட்டல் தரும் மாத்திரை என்ற தொந்தரவும் ஒரு காரணமாக இருந்திருக்கும்.

பீகான் எனக்கு முக்கியமாகப் படுவது அதன் பிறகு நடந்ததால். அந்த நோயாளிகளின் பழைய ஸ்லைடுகளை எடுத்து, யாருக்குக் காற்று உதவியது என்று பிரித்துப் பார்த்தார்கள். ஹிஃப்-1 ஆல்ஃபா மிகுந்த கட்டிகளுக்குப் பலன் கூடுதல் என்று தெரிந்தது. பிறகு மான்செஸ்டர் குழு 24 மரபணுக்களின் இயக்கத்தைச் சேர்த்துப் பார்த்து ஆக்சிஜன் பஞ்சத்தை மதிப்பிடும் ஒரு ‘கையெழுத்தை’, அதாவது மரபணு அடையாளத்தை, உருவாக்கியது. ஒற்றைப் புரதம் புட்டிக்குப் போகும் வழியில் ஏமாற்றலாம்; 24 மரபணுக்கள் ஒன்றாகச் சேர்ந்து ஏமாற்றுவது கடினம்.

இவற்றோடு இன்னொரு குறியீட்டையும் சோதித்தார்கள். தனிச் சாயம் வேண்டாம், மரபணுச் சோதனை வேண்டாம். வழக்கமான ஊதா-இளஞ்சிவப்புச் சாயம் ஏற்றிய ஸ்லைடில் செத்த திசு தெரிகிறதா இல்லையா, அவ்வளவுதான். 1955-இல் அளந்த அதே செத்த திசு. அது இருந்த நோயாளிகளுக்குக் காற்று கொடுத்ததால் ஆயுள் தெளிவாகக் கூடியது. இல்லாதவர்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை. பத்தாண்டுத் தொடர்கண்காணிப்பில் மொத்தக் கூட்டத்தின் வித்தியாசம் சுருங்கிப்போனபோதும், செத்த திசு இருந்தவர்களிடம் அது நின்றது. எந்த பேத்தாலஜிஸ்டும் கட்டியின் ஸ்லைடைப் பார்க்கும்போது அதைப் பார்க்கத்தான் செய்கிறார். ரிப்போர்ட்டில் ஒரு வரி எழுதினால் போதும்.